சங்கர்லாலுக்கும் கணேஷுக்கும் மூத்தவர்: துப்பறியும் கோவிந்தனைத் தந்த பாளையங்கோட்டைக்காரர் ஜே.ஆர்.ரங்கராஜு யார்?

துப்பறியும் கதை என்றதும் யார் பெயர் நினைவுக்கு வருகிறது என்பதை வைத்தே ஒருவருடைய வயசைச் சொல்லிவிடலாம். சங்கர்லால் என்பவர்கள் தமிழ்வாணன் காலத்து ஆட்கள். சாம்பு என்று சொல்லிச் சிரிப்பவர்கள் தேவனைப் படித்தவர்கள். கணேஷ், வசந்த் என்றால் சுஜாதா. பரத், சுசீலா என்றால் பட்டுக்கோட்டை பிரபாகர். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவலை வாங்கிப் படித்தவர்களுக்கு ராஜேஷ்குமாரின் விவேக்.

இவங்க எல்லாருக்கும் முன்னாடியே ஒருத்தர் தமிழில் துப்பு துலக்கிக்கொண்டிருந்தார். பெயர் கோவிந்தன். 1908-ல் வெளிவந்த 'இராஜாம்பாள்' நாவலில் வந்தவர். அவரை உருவாக்கிய ஜே.ஆர்.ரங்கராஜு பாளையங்கோட்டையில் பிறந்தவர். தாமிரபரணிக் கரையின் எழுத்தாளர்கள் யார் யார் என்று கேட்டால் நெல்லைக்காரர்கள் புதுமைப்பித்தனில் ஆரம்பித்து மூச்சு விடாமல் பத்துப் பெயர் சொல்வார்கள். அந்தப் பத்தில் ரங்கராஜு வருவது அபூர்வம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அதிகம் விற்ற நாவல்களை எழுதியவருக்கு ஏன் இந்த நிலை? இன்றைக்கு அவரை எடுத்துப் படித்தால் என்ன கிடைக்கும்?

ஆற்றுக்கு இந்தப் பக்கம்

ரங்கராஜு பிறந்த ஆண்டு 1875. அடுத்த ஆண்டே திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. நெல்லையையும் பாளையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1843-ல் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆற்றுக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும். கிழக்கே பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடங்களும் அச்சகமும் சிறைச்சாலையும். எழுத்தும் அச்சும் படித்த கூட்டமும் சென்னைக்கு வெளியே ஒன்றாகக் கூடிய ஊர்களில் இதுவும் ஒன்று.

இதே ஆற்றுப் பாசனத்தில், பெருங்குளத்தில், ரங்கராஜுவுக்கு மூன்று ஆண்டு முன்னால் பிறந்தவர் அ.மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். பெண் கல்வி, குழந்தைத் திருமணம், விதவைகளின் துயரம் இவற்றையெல்லாம் நாவலுக்குள் நேரடியாகக் கொண்டுவந்தவர். பாடநூல்களில் அவருக்கு இடம் உண்டு. ரங்கராஜுவும் கிட்டத்தட்ட இதே விஷயங்களைத்தான் தொட்டார். ஆனால், அவர் கதைக்குள் ஒரு பிணத்தைப் போட்டார், ஒரு துப்பறிவாளரை வரவழைத்தார். அதனாலேயே அவர் வேறு வரிசைக்குப் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் எழுத்தாளர் மட்டுமில்லை, பதிப்பாளரும்கூட. விவசாயத்துக்கென்று 'கிருஷிகன்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். பயிருக்கு என்ன உரம் என்று யோசித்த அதே மண்டைதான் பங்களாவில் யார் கொலை செய்தது என்றும் யோசித்தது!

ஹோம்ஸ் எப்படித் தமிழ் பேசினார்?

துப்பறியும் கதை என்ற சரக்கே அப்போது உலகத்துக்குப் புதுசு. அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ 1841-ல் தொடங்கிவைத்தார். இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் 1868-ல் 'மூன்ஸ்டோன்' எழுதினார். திருடு போகும் அந்த வைரமே இந்தியாவிலிருந்து போனதுதான். கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் வந்தார்.

அதிலிருந்து ஏழே ஆண்டில் தமிழிலும் வந்துவிட்டது. பண்டித நடேச சாஸ்திரி 1894-ல், தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கதைகளாக வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், தமிழ் நாவலுக்குப் பதினைந்து வயசு ஆகும்போதே துப்பறிவாளர் வாசலில் வந்து நின்றுவிட்டார் என்று புரியும்.

அடுத்து வந்தவர்கள் மூன்று பேர். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆனந்தசிங் என்று பெயர் வைத்துத் தமிழ் பேசவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரை உருவாக்கினார். மூன்றாமவர் நம்ம ரங்கராஜு. ஆரணியார் எழுதியவை எழுபதுக்கும் மேல். ரங்கராஜு அப்படிக் குவிக்கவில்லை. இராஜாம்பாள், சந்திரகாந்தா, மோகனசுந்தரம், ஆனந்தகிருஷ்ணன், இராஜேந்திரன், வரதராஜன், விஜயராகவன், ஜெயரங்கன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், ஒவ்வொன்றும் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது.

'இராஜாம்பாள்' ஏன் அப்படி ஓடியது? கதை எளிமையானதுதான். ஓர் இளம்பெண். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் வயசான பெரிய மனுஷர். அவள் மனசில் இருக்கும் இளைஞன். நடுவில் ஒரு கொலை, அந்த இளைஞன் மேலேயே விழும் பழி. அதிலிருந்து கோவிந்தன் நுழைகிறார். மிச்சத்தைச் சொல்லப் போவதில்லை. துப்பறியும் கதையைப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லிவிட்டு முடிவையும் உளறிவைப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

கிழவருக்கு இளம்பெண்ணைக் கட்டிவைப்பது அன்றைக்கு ஊரில் நடந்துகொண்டிருந்த சங்கதி. அதைத் தப்பு என்று மேடையில் பேசினால் கேட்பவர்கள் கொஞ்சம் பேர். அதே ஆளைக் கதையில் சந்தேகத்துக்குரியவராக நிறுத்தினால், அவர் எப்போ மாட்டுவார் என்று பக்கத்தைப் புரட்டுவார்கள். ரங்கராஜுவுக்கு இந்த நுட்பம் பிடிபட்டிருந்தது. 'சந்திரகாந்தா'வில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டையே கதைக்குள் இழுத்துவிட்டார். ஜமீன், மடம், பெரிய வீடு என்று யாரும் கேள்வி கேட்க முடியாத இடங்களுக்குள் துப்பறிவாளர் போய்விட்டு வர முடிந்தது.

அடியா, தடயமா?

கோவிந்தன் என்ற பாத்திரத்தின் முக்கியத்துவம் புரிய, அதற்கு முந்தைய சென்னை மாகாணத்து நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் குவிந்து, அதை விசாரிக்கவென்றே ஆணையம் அமைக்கப்பட்டது. 1855-ல் அதன் அறிக்கை வந்தது. புகார்கள் உண்மைதான் என்றது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்து, வருவாய்த்துறையிடமிருந்து போலீஸ் தனியாகப் பிரிக்கப்பட்டது.

சட்டம் மாறியதும் பழக்கம் மாறிவிடுமா? சாதாரண ஜனங்களுக்கு விசாரணை என்றால் அடி என்றுதான் பொருள். பிடித்து வந்து, உரித்து எடுத்து, ஒப்புக்கொள்ள வைப்பது. இந்த ஊரில் ஒருவர் காலடித் தடத்தையும் கடிதத்தின் கையெழுத்தையும் சாட்சி சொல்லும் நேரக் கணக்கையும் வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்றால், வாசகருக்கு அதுவே ஒரு அதிசயம்தான். கையில் கிடைத்தவனைக் குற்றவாளி ஆக்குவது வேறு, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது வேறு என்று துப்பறியும் கதை சொல்லிக்கொடுத்தது.

இது வெறும் கற்பனையும் இல்லை. கைரேகையை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணும் உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அதன் வகைப்பாட்டு முறைக்குப் பின்னால் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ்காரர்களின் உழைப்பு இருந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு கைரேகைப் பிரிவை ஆரம்பித்ததே 1901-ல்தான்.

'இராஜாம்பாள்' வந்த 1908-ம் ஆண்டை ரங்கராஜுவின் பிறந்த மாவட்டம் வேறொரு காரணத்துக்காக மறக்காது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை ஒட்டி மார்ச் 13-ல் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. மூன்று ஆண்டு கழித்து மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டதும், வாஞ்சிநாதனுக்குப் பின்னால் யார் யார் என்று போலீஸ் ஊர் ஊராகத் துப்பு தேடியது. துப்பறிவது, ஒற்று வேலை, வாக்குமூலம், அப்ரூவர் எல்லாம் அன்றைய நெல்லைக்காரர்களுக்கு நாவலில் மட்டும் வரும் வார்த்தைகள் இல்லை. தினசரிப் பேச்சு.

2020 ஜூனில் பழைய நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது நாடே பேசியது. 1855 அறிக்கையையும் அந்தச் செய்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால், தடயத்தை நம்பும் கோவிந்தன் இன்னும் எவ்வளவு தேவைப்படுகிறார் என்று தெரியும்.

படிக்கத் தெரியாதவர்களும் பார்த்த கதை

அன்றைக்கு நாவலை வாங்கியவர்களைவிட, ஒருவர் படிக்கக் கேட்டவர்கள் அதிகம். அதைவிட அதிகம், நாடகமாகப் பார்த்தவர்கள். அதற்குக் காரணமானவர் எம்.கந்தசாமி முதலியார். நடிகர் எம்.கே.ராதாவின் அப்பா. எம்.ஜி.ஆருக்கு முதல் பட வாய்ப்பு கிடைக்கக் காரணமாக இருந்தவரும் இவரே.

கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை எடுத்து பாய்ஸ் கம்பெனிகளுக்கு நாடகமாக்கிக் கொடுத்தார். இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று இப்போ புரிந்துகொள்வது கஷ்டம். அதுவரை மேடை என்றால் வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. கிரீடமும் ஜிகினாவும் இல்லாமல் யாரும் மேடை ஏறியதில்லை. திடீரென்று சட்டை போட்ட வக்கீலும் தொப்பி போட்ட இன்ஸ்பெக்டரும் மேடையில் வந்து நின்று, பாட்டுக்கு நடுவில் சாதாரணப் பேச்சும் பேசினார்கள். புராணக் கதையில் முடிவு எல்லாருக்கும் தெரியும். இதில் தெரியாது. கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் கந்தசாமி முதலியாரிடம் இப்படித்தான் சமூக நாடகம் கற்றுக்கொண்டார்கள். டி.கே.சண்முகம் தன் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் அந்தக் காலத்தை விரிவாகவே பதிவுசெய்திருக்கிறார்.

சினிமா பேச ஆரம்பித்ததும் அதுவும் ரங்கராஜுவிடம் வந்தது. 1935-ல் 'இராஜாம்பாள்' படமானது. 1936-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் 'சந்திரகாந்தா'. பின்னாளில் சூப்பர் ஸ்டாராகக் கொண்டாடப்பட்ட பி.யு.சின்னப்பா திரையில் முதன்முதலாகத் தலைகாட்டியது இதில்தான். மடாதிபதியாக வந்த காளி என்.ரத்தினத்தின் நடிப்பு அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. ஒரு மடத்துச் சாமியாரைத் திரையில் கேலிக்கு உள்ளாக்க, பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் தமிழ்நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த அந்த வேளை தோதாக இருந்தது. ஆனால், ரங்கராஜு எழுதியது அந்த இயக்கம் பிறப்பதற்கும் முன்னால் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1951-ல் 'இராஜாம்பாள்' மறுபடியும் படமாக வந்தது. ஆர்.எஸ்.மனோகர் அறிமுகமானது அதில். அதே ஆண்டு டி.ஆர்.மகாலிங்கம் நடித்த 'மோகனசுந்தரம்'. கதை எழுதிய மனுஷர் அப்போது உயிரோடு இருந்தார், வயசு எழுபத்தாறு. ஆனால், நாவல் எழுதுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வழக்கும் மௌனமும்

ஏன் விட்டார்? 'வரதராஜன்' நாவல் எழுத்துத் திருட்டு என்று வழக்கு வந்தது. தீர்ப்பு ரங்கராஜுவுக்கு எதிராகப் போனது. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. மற்றவர்களுடைய குற்றங்களைக் கண்டுபிடிக்க ஒரு ஆளை உருவாக்கியவர், கடைசியில் தானே கூண்டில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

இதைச் சொல்லாமல் மறைத்து அவரைக் கொண்டாடுவது சரியாக இருக்காது. அதே சமயம், அன்றைய சூழலையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கதையை எடுத்து, லண்டனைச் சென்னை ஆக்கி, எலிசபெத்தை இராஜாம்பாள் ஆக்குவதுதான் அன்றைய தொழில் முறை. இங்கிலாந்தில் மலிவு விலை நாவல்களால் புகழ்பெற்ற ரெயினால்ட்ஸின் கதைகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் இப்படி உருமாறின. தமிழ்த் துப்பறியும் நாவல் பிறந்ததே இந்தக் கலப்பில்தான். யாருடைய சரக்கு, எவ்வளவு சொந்தம் என்ற கணக்கு அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அது ரங்கராஜு தலையில் விடிந்தது.

இந்தக் கணக்கைக் கறாராகக் கேட்டவர்களில் முக்கியமானவர் இன்னொரு நெல்லைக்காரர், புதுமைப்பித்தன். மொழிபெயர்ப்பு நேர்மையானது, தழுவல் திருட்டு என்பது அவர் கட்சி. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கியவர் அவர். பிற்காலத்தில் அவருடைய ஆரம்பகாலக் கதைகள் சில மாப்பசானின் தழுவல்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதிய, அதே நெல்லையைச் சேர்ந்த தொ.மு.சி.ரகுநாதன் எடுத்துக்காட்டினார். அந்தப் பட்டியலில் 'கொலைகாரன் கை' என்ற கதையும் உண்டு! புதுமைப்பித்தனுக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை, வரவும் கூடாது. ஒருவருக்கு அடிக்குறிப்பாக முடிந்த விஷயம், இன்னொருவருக்கு ஆயுள் தண்டனை ஆகிவிட்டது என்பதுதான் உறுத்துகிறது.

துப்பறியும் நாவல்கள் பெண்களையும் மாணவர்களையும் கெடுக்கின்றன என்று அன்றைய பண்டிதர்களும் பத்திரிகைகளும் ஒரு பக்கம் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இந்தச் சண்டையை விலாவாரியாகப் பேசும் புத்தகம். திட்டியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நாலு பேர் கூடி உரக்கப் படித்த காலம் போய், ஒருவர் மூலையில் உட்கார்ந்து வாய் அசையாமல் படிக்கும் பழக்கம் தமிழர்களுக்கு வந்தது இந்த நாவல் பெருக்கத்தின் காலத்தில்தான்.

எதில் ஆரம்பிக்கலாம்?

'இராஜாம்பாள்' முதலில். பிடித்தால் 'சந்திரகாந்தா'. இரண்டும் பிடித்தால் மிச்சத்துக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, நீங்களே தேடிப் போவீர்கள்.

அகதா கிறிஸ்டியைப் படித்த கண்ணோடு போனால் ஏமாற்றம்தான். கிறிஸ்டியின் முதல் நாவல் வந்தது 1920-ல். வாசகருக்குத் தெரியாத தடயத்தைத் துப்பறிவாளர் கையில் கொடுக்கக் கூடாது, ரகசிய வழிகளை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது என்றெல்லாம் ரொனால்டு நாக்ஸ் பத்துக் கட்டளை போட்டது 1929-ல். ரங்கராஜு அந்த ஆட்டத்துக்கு விதி எழுதப்படுவதற்கு முன்பே ஆடியவர். தற்செயல்கள் குவியும். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்குப் புத்தி சொல்வார். பெண்கள் பற்றிய, சாதி பற்றிய அந்தக் காலப் பேச்சும் இருக்கும். அதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கவும் நமக்கு உரிமை உண்டு.

மொழியைப் பற்றி ஒரு பயம் இருக்கலாம். வடமொழிச் சொற்கள் அடர்த்திதான். முதல் இருபது பக்கம் கொஞ்சம் முட்டும், அப்புறம் ஓடும். யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவதோடு, யாரெல்லாம் விசாரிக்கப்படாமலே தப்பிக்கிறார்கள் என்றும் கவனித்துக்கொண்டே போனால், 1908-ன் தமிழ்ச் சமூகம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வரும். கையோடு ஆரணியாரின் ஆனந்தசிங் கதை ஒன்றையும், வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலையும் சேர்த்துப் படித்தால் மூவரில் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே பஞ்சாயத்து செய்யலாம். என் ஓட்டு வேகத்துக்கு வடுவூராருக்கு, துணிச்சலுக்கு ரங்கராஜுவுக்கு.

ரங்கராஜு 1959-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆக, 2020 ஜனவரி முதல் அவருடைய நாவல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், நாடகம் போடலாம், வெப் சீரிஸும் எடுக்கலாம். இந்த முறை யாரும் வழக்குப் போட முடியாது.